சாவி யார் கழுத்தில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே ஒரு காலும் இரண்டு உள்ளங்கைகளும் போக, மீதி எல்லோரும் எல்லாமும் சுகம். அங்கே நீ தலையிலிருந்து கால்வரை முழுசாக இருக்கிறாய் என்று உன் கையால் இரண்டு வரி எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. பேச்சு என்னுடையது, எழுத்து உன் தங்கை மிளகுடையது. என் இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை. ஏன் என்று பின்னால் வரும், அவசரப்படாதே. அவளுக்கு நடுவில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். (அண்ணா, நான் இதை எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். நாங்கள் தையல் அறையில் மெஷின் விளக்கை மட்டும் போட்டு, அதன்மேல் ஒரு கறுப்புத் துணியையும் போர்த்தியிருக்கிறோம். பேனா கீறுகிற சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்கிறது.)

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைச் சாவகாசமாகப் படி. நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, "எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பி வா, இங்க ஆம்பளைத் துணை இல்லாம புல்லு மக்கிப் போகப் போகுது" என்று கூப்பிட்டதும், நீ "சரிப்பா, மாசக் கடைசியில எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று சொன்னதும் எனக்குத் தெரியும், அப்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறேன் என்று இத்தனை காலம் வெயிலிலும் காற்றிலும் கிடந்துவிட்டு, கடைசிப் பரீட்சை வாசலில் நிற்கும்போது நீ இறங்கி வந்துவிட்டால், மறுபடியும் அந்த ஏணியில் உன்னை ஏற்றிவிட அங்கே யாரும் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அப்பா தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதுவும் போக, போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு நினைத்ததைத்தான் செய்வாய், அது அப்பா வழியில் வந்த வியாதி. கடிதமென்றால் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பாய். காலையில் பால்வண்டிக்காரர் வரும்போது அவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறோம்.

அப்பா கால் உடைந்த கதையை அவர் உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது, நடந்தது இதுதான். மேட்டு வயலில் புல்லை அறுத்து, உதறிக் காயவிட்டு, அதை நீள நீளமாக வரிசையாகவும் கூட்டி வைத்துவிட்டார். இனி அந்தக் குட்டி டிராக்டருக்குப் பின்னால் பேலரை மாட்டி, வரிசைமேலேயே ஓட்டிக்கொண்டு போனால் அது புல்லை வாரி, அமுக்கி, சணல் போட்டுக் கட்டுக் கட்டாகப் பின்னால் தள்ளிவிடும், அந்த வேலை ஒன்றுதான் பாக்கி. பேலரை மாட்டியும் வைத்துவிட்டு, சாப்பிட வரலாமென்று இறங்கினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நம் ஆனைக்கு ஓட்டும்போது சறுக்கவில்லை, நிறுத்திவிட்டு இறங்கும்போது சறுக்கியது. கணுக்காலில் எலும்பு விட்டுப்போய் முழங்கால்வரை மாவுக்கட்டு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார், அங்கிருந்து பார்த்தால் வயல் முழுதும் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. காய்ந்த புல் வரிசை வரிசையாகக் கிடப்பதையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவர் படுத்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மழை வருகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நனைந்துவிட்டால் மழைக்காலம் முழுதும் மாடுகளுக்கு எதைப் போடுவது? வாடகைக்கு யாராவது ஓட்டிக் கொடுப்பார்களா என்று நானும் நாலு வீட்டு வாசல் ஏறி இறங்கினேன். அவர்கள்மேல் குற்றமில்லை, எல்லோருக்கும் ஒரே வெயில்தானே, அவரவர் புல்லை அவரவர் காப்பாற்ற வேண்டாமா. அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர் உன்னைக் கூப்பிட்டது.

எனக்கு அந்த "ஆம்பளைத் துணை" என்ற சொல் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் விடிந்ததும் பேலர் பக்கம் போய் மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று நினைக்கிறாய்? நீளமான வளைந்த ஊசி, அதில் கோத்த சணல், முடிச்சுப் போடுகிற மூக்கு, நூல் வருகிற வழியெல்லாம் வளையம். அட, இது நம்ம மெஷின்தானே, கொஞ்சம் சாப்பிட்டுக் கொழுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடச் சீருடையாய்த் தைத்துத் தைத்து எனக்கு ஊசியும் நூலும் பேசுகிற பாஷை தெரியும். டிராக்டர்தான் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. டிராக்டர் தெரிந்தவள் வீட்டில் ஒருத்திதான், அவள் பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிறவள். நீ இருக்கும்போது தேநீர் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் உன்னிடம் ஸ்டியரிங்கைப் பிடுங்கி ஓட்டுவாளே, அந்தப் பழக்கம். அப்பாவுக்குத் தெரியாமல் நீ அவளைக் கொட்டகைவரை ஓட்டவிட்டதெல்லாம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை, பள்ளி இல்லை. கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா, வேணாம்மா, அப்பா என்னைக் கொன்னுடுவாரும்மா" என்றாள். "அவரால இப்ப எழுந்து நிக்கவே முடியாது, படுத்துக்கிட்டே எப்படிடி கொல்லுவாரு" என்றேன். அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உன் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். முனையில் துணியைத் திணித்திருந்தாள். கிளட்ச்சுக்கு அவள் கால் எட்டவில்லை, நான் மெஷினில் உட்கார்ந்து வெட்டுத்துணியை அடைத்து முதுகுக்கு ஒரு கனமான திண்டு தைத்துக் கொடுத்தேன், எட்டிவிட்டது.

ஒரு விஷயத்தில் நான் முதலிலேயே கறாராக இருந்தேன். பேலர் சுற்றும்போது கையைக் கிட்டே கொண்டுபோனால் அது கேட்காமலே எடுத்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லிச் சொல்லி நம் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால் சீருடைச் சடைக்குக் கட்டுகிற சிவப்பு ரிப்பனில் டிராக்டர் சாவியைக் கோத்தேன். பேலரில் எது சிக்கினாலும் மிளகு வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, கீழே இறங்கி வந்து, ரிப்பனை என் கழுத்தில் மாட்ட வேண்டும். சாவி யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் மெஷினைத் தொடலாம். நான் வேலையை முடித்துத் தள்ளி வந்து நின்று, ரிப்பனை அவள் கழுத்தில் மாட்டினால்தான் அவள் மேலே ஏறலாம். எத்தனை அவசரமானாலும் இதில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாலை மாற்றுகிற மாதிரி நாளெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தோம். (எனக்கு ரிப்பன் காதில் மாட்டிக்கொள்ளும், அம்மா எடுத்துவிடுவாள்.)

என்ஜின் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஜன்னலில் கைத்தடி தெரிந்தது, அதன் நுனியில் ஒரு துண்டு, அது இப்படியும் அப்படியும் பேயாட்டம் ஆடியது. நிறுத்து என்கிறார், அது தெரியாதா? நான் பார்க்காத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மிளகு பார்த்துவிட்டாள், "அம்மா, துண்டு" என்று கத்தினாள். "காயப்போட்டிருக்காரு, நீ முன்னால பாரு" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பால்வண்டிக்காரர் வந்து வேலியோரம் வண்டியை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "என்னக்கா, வயலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார். "ஆமா, துணி மிஞ்சினா உங்க வாய்க்கும் ஒரு பை தைச்சுத் தர்றேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பேலர் என் மானத்தை வாங்கியது. முதல் கட்டு வெளியே வந்தது, ஒரு பக்கம் கயிறு பிடித்திருக்கிறது, மறுபக்கம் விட்டுவிட்டது, வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்து தரையில் விழுந்து பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. பால்வண்டிக்காரர் "தையல் பிரிஞ்சுபோச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மிளகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

அறுந்த கயிறுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். திட்டு விழும் என்று தெரியும், விழுந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரன் ஆக்கறீங்களா? சின்னப் பொண்ணை வண்டியில ஏத்தியிருக்கியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா" என்று ஆரம்பித்து என் பிறந்த வீடுவரை போய்விட்டுத்தான் திரும்பினார். நான் கயிற்றை அவர் மடியில் போட்டேன். திட்டிக்கொண்டே அதை எடுத்தார். நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டு தானாக நின்றுபோயிற்று. "இது வெட்டினது இல்ல, இழுத்து அறுந்தது. எங்கேயோ இறுக்கிப் பிடிக்குது" என்று கயிற்றைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. காலையில் ஒரு பக்கத்துக்குப் புது சணல் உருண்டை போட்டுக் கோத்தது நான்தான். பெட்டியிலிருந்து கயிறு வருகிற வழியில் ஒரு இறுக்கித் தகடு இருக்கிறது. தையல் மெஷினில் அந்தத் தகட்டைச் சுற்றித்தான் நூலைக் கொண்டுபோவோம், இத்தனை வருஷம் அப்படியே செய்த கை, யோசிக்காமல் இங்கேயும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டிருக்கிறது. இதற்கு அந்தச் சுற்று ஆகாது, தகட்டுக்கு நடுவில் நேராக விட்டால் போதும். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். ஓடிப்போய் ரிப்பனை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தச் சுற்றை எடுத்துவிட்டேன். அடுத்த கட்டு வந்து விழுந்தது பார், நாலு மூலையும் மடித்து இஸ்திரி போட்ட மாதிரி. நான் அதைத் தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி அதன்மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். ஜன்னலில் துண்டு ஆடவில்லை.

அதற்கப்புறம் அவர் என்னைத் திட்டவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் திட்டின் ஜாதி மாறிவிட்டது. "நிழல் பக்கத்து வரிசையை இப்பத் தொடாத, ஈரம் இருக்கும், ஈரத்தோட கட்டினா உள்ளுக்குள்ளயே சூடேறிக் கொட்டகையையே கொளுத்திடும்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். அந்த வரிசையிலிருந்து ஒரு பிடி புல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கையில் முறுக்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். சலசலவென்று ஒடிகிற சத்தம் வந்தால் சரி, வராவிட்டால் இன்னும் காய வேண்டும். "இன்னும் பேசலை, நாளைக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு அப்புறம்தான் அதற்கு "பேசுது" என்று உத்தரவு கிடைத்தது. அதற்குள் மேற்கே வானம் அடுப்புக்கரியாய்க் கறுத்துவிட்டது.

இனி நான் சொல்லப்போவதை எழுத மாட்டேன் என்று இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுதத்தான் வேண்டும். (வெட்கமாக இருக்கிறது அண்ணா. என்னைப் பற்றி நானே எழுதுவதா?) பாக்கி இருந்தது வாய்க்காலோரச் சரிவு. அங்கே வரிசை மேலிருந்து கீழாகப் போகிறது, உனக்குத் தெரியும். இவள் வரிசையை முடித்துத் திரும்பும்போது குறுக்கே திருப்பிவிட்டாள், டிராக்டர் ஒரு பக்கம் சாய்ந்தது, மேல்பக்கச் சக்கரம் இலேசாகிப்போன மாதிரி இருந்தது. ஜன்னலிலிருந்து "குறுக்கே போகாத" என்று அவர் அலறுவது என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இவள் அப்படியே நிறுத்தினாள். இரண்டு காலும் பிரேக்கில், முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் கீழே நின்று, "இறங்கிடு கண்ணு, புல்லு போனா போகுது, இறங்கி வந்துடு" என்று கெஞ்சினேன், நிஜமாகவே அப்போது எனக்குப் புல்லும் வேண்டாம், மாடும் வேண்டாம் என்றிருந்தது. இவள் என்னைப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டே, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டே, "இறங்கினா அப்புறம் ஏற மாட்டேம்மா" என்றாள். நாய்க்குட்டி பின்வாங்குகிற மாதிரி வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து, முகத்தை நேராகச் சரிவுக்குத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது கியரைப் போட்டு, மேலே நேராக ஏறி, கீழே நேராக இறங்கி, மீதி வரிசையை மெதுவாக வாரிக்கொண்டு வந்தாள். பெரியவனே, பயமில்லாதவர்கள் செய்கிற காரியத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் என்ன பெருமை இருக்கிறது? இவள் பயந்துகொண்டே செய்தாள். உன்னை நான் அந்த உயரமான கிரேன் கூண்டில் நிற்பதாக நினைத்துப் பார்த்து எத்தனையோ நாள் பூரித்துப்போயிருக்கிறேன், அன்றைக்கு என் பூரிப்பு இரண்டாகப் பங்கு பிரிந்தது. உனக்குக் குறைந்துவிட்டதே என்று வருத்தப்படாதே, மொத்தமே பெரிதாகிவிட்டது.

கடைசி வரிசையில் பாதி வரும்போது முதல் தூறல் முகத்தில் பட்டது. கட்டுகளை வண்டியில் ஏற்றிக் கொட்டகையில் சேர்க்க வேண்டும், எனக்குக் கையுறை இல்லை, இருந்த ஒரு ஜோடியை மிளகுக்குக் கொடுத்துவிட்டேன். கட்டை அணைத்துத் தூக்க வேண்டுமாம், நான் கடைப்பையைத் தூக்குகிற மாதிரி கயிற்றைப் பிடித்துத் தூக்கினேன். ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் சணல் அறுத்துக் கிழிந்திருந்தது, அந்த நேரத்தில் வலிக்கவே இல்லை. மருந்து போட்டிருக்கிறது, ஆறிக்கொண்டு வருகிறது, இதற்காக நீ போனைப் போட்டு ஒப்பாரி வைக்காதே. பால்வண்டிக்காரர் மழைக்கு ஒதுங்க வந்தவர், கொட்டகைக்குள் கூரைவரை அடுக்கியிருந்ததைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். அப்புறம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசிக் கட்டுகளை அவரே இறக்கிக் கொடுத்தார். போகும்போது, "அக்கா, எங்க வயலுக்கும் அளவெடுக்க எப்ப வர்றீங்க?" என்றார். இந்தத் தடவை கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் மைத்துனர் டிராக்டர் பழுதாகிக் கிடக்கிறதாம். மிளகைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும். கை கழுவிவிட்டு மிளகைக் கூப்பிட்டார். இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டாத, தேஞ்சுபோயிடும்" என்றார். அவ்வளவுதான். இவள் உள்ளே வந்து, இத்தனை செய்தும் திட்டுதான் மிச்சம் என்று ஒரு மூச்சு அழுதாள். அசடு. உன் அப்பா ஓட்டத் தெரியாதவர்களிடம் கிளட்ச்சைப் பற்றி என்றைக்குப் பேசியிருக்கிறார்? என்னிடம் பேசியிருக்கிறாரா? உன்னிடம் முதல் தடவை அவர் அப்படிச் சொன்ன அன்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, நினைவிருக்கிறதா?

ஆனால் உன் விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. "பெரியவனுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடலாமா?" என்று பக்குவமாக ஆரம்பித்தேன். "சொன்னது சொன்னதுதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்க அந்த மனுஷருக்குத் தெரியாது, அதற்காக நீ உன் படிப்பைக் கொண்டுவந்து அவர் பிடிவாதத்துக்குக் காலடியில் வைக்க வேண்டாம். இங்கே மாடுகளுக்குத் தீவனம் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது, கயிறு கோக்க ஆள் இருக்கிறது. நீ பரீட்சையை எழுது. அவர் கோபித்தால் என்மேல் கோபிக்கட்டும், எனக்குப் பழக்கம். (அண்ணா, என்மேலும் கோபிப்பார். எழுதியது நான்தானே. அதுதான் எனக்குப் பயம்.)

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. வெள்ளைக் கன்றுக்கு இப்போது கொம்பு முளைக்கிற இடத்தில் அரிப்பு, கண்ட இடமெல்லாம் முட்டிக்கொண்டு திரிகிறது, அப்பாவின் ஊன்றுகோலையும் முட்டிப் பார்த்தது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்லி வைத்தேன். நீ உயரத்தில் வேலை செய்கிறவன், காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதே. இடுப்புப் பட்டையை மாட்டச் சோம்பல்படாதே, "இந்தா வந்துடறேன்" என்று இறங்குகிற நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது, உன் அப்பாவைப் பார். பட்டன் விட்டுப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போகாதே, தையல்காரி மகன் என்று யாராவது

(அண்ணா, நான்தான் எழுதுகிறேன். வரி பாதியில் நிற்கிறது. அப்பா கூப்பிட்டுவிட்டார். "மிளகு, அந்த விளக்கைத் துணி போட்டு மூடாத, தீப்பிடிச்சுக்கும். எழுதறதை நல்ல வெளிச்சத்துலயே எழுது" என்று முன்னறையிலிருந்து சொன்னார். நான் விளக்கின்மேல் இருந்த துணியை எடுத்தேன். அப்புறம் "கொண்டு வந்து படி" என்றார். நின்றுகொண்டே முதலிலிருந்து படித்தேன். அம்மாவின் பிறந்த வீடுவரை போனார் என்ற இடத்தை விட்டுவிடலாமென்று பார்த்தேன், "தாண்டாத, எல்லாத்தையும் படி" என்றார். சணல் சுற்றின இடம் வந்தபோது அம்மாவைப் பார்த்து, "அப்படியா சேதி" என்றார், அம்மா ஜன்னலைப் பார்த்தாள். முழுதும் படித்து முடித்தேன். நான் அழத் தயாராக நின்றேன். அப்பா சொன்னார், "ஒரு தப்பு இருக்கு. சரிவுல அவ போட்டது ரெண்டாவது கியர் இல்ல, முதல் கியர். பயத்துல ரெண்டாவதுன்னு நெனச்சிருப்பா. சத்தத்துலயே தெரிஞ்சுது. அந்த இடத்துக்கு அதுதான் சரி. திருத்து." அண்ணா, மேலே அடித்துத் திருத்தினால் அசிங்கமாகிவிடும், அந்த இடத்தில் முதல் கியர் என்று நீயே படித்துக்கொள்.)

பார்த்தாயா, ஜன்னலோரம் படுத்துக்கொண்டு கியர் சத்தம்வரை கேட்டிருக்கிறார். நான் விடவில்லை, "அப்ப பெரியவனை வர வேணாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றேன். "நான் எதுக்குச் சொல்லணும், அதான் நீ எழுதிட்டியே" என்றார். பிறகு இவளிடம், "இதையும் சேர்த்து எழுது" என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே போடச் சொல்லியிருக்கிறேன், அதோடு முடிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. பரீட்சைக்கு முன்னால் தூங்கு. பட்டனைத் தைத்துப் போடு. நீ ஏறுகிற ஏணியெல்லாம் உறுதியாக இருக்கட்டும், இறங்குகிற படியெல்லாம் காய்ந்திருக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைக்குமேல் ஒரு குடையாய் இருக்கும்.

(அப்பா சொன்னது: "பரீட்சை முடிச்சு, சர்டிபிகேட் வாங்கிக்கிட்டு, லீவு கிடைச்சா வரட்டும். அடுத்த அறுப்புக்கு வந்தான்னா டிரைவர் சீட்டு கிடைக்காது, அதுக்கு ஆள் இருக்கு. கட்டு அடுக்கற வேலைதான் காலி. கையுறை கொண்டு வரச் சொல்லு.")

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
(கைக்கட்டுப் பிரித்ததும் கையெழுத்துப் போடுகிறாளாம்)

எழுதியது: மிளகு, டிரைவர்
(டிரைவர் என்று அப்பாதான் போடச் சொன்னார்.)